மருதும் மணலும்: அர்ஜுனா நதியை எந்தக் கோலால் அளப்பது?

விருதுநகர் மாவட்டத்து ஆறுகளைப் பற்றிய பேச்சு ‘வறட்சி’ என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த வறண்ட காற்றை நம்பித்தான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்விட்டன. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஊர் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. தொழிலுக்கு வாய்த்த வெயிலே ஆற்றைக் கொன்றது என்பது பலரும் சொல்லும் முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அர்ஜுனா நதி ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடுவது அதன் இயல்பு. அதன் நோய் கரையிலும் மணலிலும் இருக்கிறது. நீரோட்டத்தை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

சதுரகிரியை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் இறங்கும் பெரியாறும் (கேரளத்துப் பெரியாறு வேறு) கோவிலாறும் வத்திராயிருப்புப் பக்கத்துச் சமவெளியில் அர்ஜுனா நதியாகின்றன. இரண்டின் குறுக்கேயும் பிளவக்கல் திட்ட அணைகள் உள்ளன. 2025இல் ஒரு சமூக ஊடகக் காணொளி கூமாபட்டியை ஊரறியச் செய்தபோது, கூட்டம் தேடி வந்தது இந்த அணை நீரைத்தான்; குளிக்கத் தடை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த அணைகளை நம்பிச் சுமார் 40 கண்மாய்கள் இருப்பதைப் பற்றி அந்தக் கூட்டத்துக்கு யார் சொல்வது? மலையடியில் நெல் விளைவித்த ஆறு, கரிசலுக்குள் நுழைந்ததும் பருத்தி, மிளகாய், மக்காச்சோளத்தின் ஆறாகிறது. ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைக் கடந்து இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது.

பெயருக்கு வருவோம். வனவாசத்தில் பாண்டவர்களின் தாகம் தீர்க்க அர்ஜுனன் அம்பெய்து வரவழைத்த ஆறு என்பது மக்கள் வழக்கு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. வடமொழியில் ‘அர்ஜுனம்’ என்பது மருத மரத்தின் பெயர். திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம் ஆனதும், தாமிரபரணிக் கரையின் திருப்புடைமருதூர் புடார்ச்சுனம் ஆனதும் இந்த வழியில்தான். தமிழின் மருது வடமொழிக்குப் போனால் அர்ச்சுனமாகத் திரும்பி வருகிறது. அப்படியானால் அர்ஜுனா நதி ஒரு காலத்தில் ‘மருதாறு’ போன்ற பெயரைச் சுமந்திருக்கலாம். இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட என்னால் முடியாது. ஊகம் என்றே வைக்கிறேன். ஆனாலும் நீர்மருது ஆற்றோரத்தை விட்டு வெகுதூரம் போகாத மரம். அதன் பெயரால் ஓர் ஆறு அழைக்கப்படுமானால், அந்தப் பெயரே அதன் கரையைப் பற்றிய குறிப்பு.

அந்தக் கரையில் வாழ்வதுதான் நரை அணில். இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இதற்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தரையில் இறங்க விரும்பாத விலங்கு இது. மருது, நாவல், புளி, மா எனக் கிளையும் கிளையும் தொட்டுக்கொள்ளும் ஓடைக்கரையில்தான் நடமாடும். கூடும் அப்படிப்பட்ட இடத்தில்தான் கட்டும், கழுகு வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவ வேண்டுமே. நான்கு மரம் வெட்டினால் நமக்கு அது நான்கு மரம். அணிலுக்குச் சாலை துண்டிக்கப்பட்டதாகிவிடும். மலையடித் தோப்புகளில் பழைய நாட்டு மாவும் புளியும் போய்த் தென்னை மட்டும் நிற்கும் இடங்களில் இந்தச் சாலை ஏற்கெனவே அறுந்துவிட்டது. அணையில் நீர் நிறைந்திருந்தாலும் அது ஒட்டாது.

சமவெளியில் கதை வேறு. இங்கே ஆற்றின் உயிர் மணலுக்குள் இருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு வருபவர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருப்போம். கையால் பறித்துக்கொண்டே போனால் மணலின் நிறம் கறுக்கும், விரலில் குளிர்ச்சி ஏறும். முதலில் ஊறும் கலங்கலைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டினால், அடுத்து ஊறுவது தெளிந்து நிற்கும். மேலே பாதம் சுடும் மணல்தான் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 3 லட்சம் கன மீட்டர். அதில் கால் பங்கு நீர் என்றால் 7.5 கோடி லிட்டர். தலைக்கு 70 லிட்டர் வீதம் 20,000 பேருக்கு ஐம்பது நாளைக்கு மேல் வரும். கண்மாய் நீரைப் போல வெயில் இதைக் குடித்துவிடாது; அரை மீட்டருக்குக் கீழே போனால் ஆவியாவது மிகக் குறைவு. கென்யாவின் மச்சாகோஸ், கிடுயி வட்டாரங்களில் பருவ ஓடைகளின் குறுக்கே சிறு சுவர் கட்டி மணலையே சேர்த்து வைக்கிறார்கள். அங்கே பாடுபட்டுச் சேர்ப்பதை இங்கே டிப்பர் லாரியில் ஏற்றி விற்கிறோம், சில வேளை ‘சவடு’ என்ற பெயரில்.

மணல் போனால் நீர் மட்டும் போவதில்லை. பஞ்சுருட்டான் மண்கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஆள்காட்டி வெறும் சரளையில் முட்டையிடும். இரண்டுக்கும் வறண்ட ஆறே வீடு.

இந்த ஆற்றுப்படுகை மனிதரையும் நெடுங்காலமாகத் தாங்கியது. வைப்பாற்றின் கரையில் வெம்பக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகளும் ஏராளமான சங்கு வளையல்களும் கிடைத்தன. சங்கு கடற்பொருள். மன்னார் வளைகுடாவுக்கும் இந்த உள்நாட்டு மேட்டுக்கும் இடையே நடந்த போக்குவரத்துக்கு அவை சாட்சி. ஆற்றுப் பள்ளத்தாக்கு அதற்கு எளிய வழியாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஆண்டு முழுதும் ஓடாத ஆறுதான் அப்போதும் அங்கே இருந்தது.

நீர் வெளியிலிருந்து வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பைச் சுட்டுவார்கள். ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் திருப்பும் அத்திட்டத்தைக் கேரளம் ஏற்கவில்லை. அது ஏற்றாலும், நீர் வந்து இறங்கும் படுகை எப்படியிருக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். சீமைக் கருவேல் மண்டிய இடங்களில் காட்டுப் பன்றி தங்கிச் சோளக்காட்டில் இறங்குகிறது. விருதுநகர்ச் சாக்கடையைச் சுமக்கும் கௌசிகா நதியின் நீர் குல்லூர்சந்தை அணையில் தேங்குகிறது. பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் தைராய்டு அயோடினை உறிஞ்சுவதைத் தடுப்பது. நீரில் எளிதில் கரைந்து நிலத்தடிக்குப் போகக்கூடியது. மணலில் நீரைத் தேக்கலாம் என்று வாதிடும் என்னைப் போன்றவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: ஊற்று தெளிந்திருப்பதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது.

இன்னொரு சிக்கலும் என் வாதத்துக்குள்ளேயே உண்டு. புது மணலைக் கொண்டுவருவது வெள்ளம்; அந்த வெள்ளத்தை மேலே அணைகள் பிடித்துவைக்கின்றன. மணல் அணைக்குள் படிந்து கொள்ளளவைக் குறைக்கும்போது கீழே படுகை பசித்துக் கிடக்கிறது. பிளவக்கல் நீர்மட்டம் இத்தனை அடி என்று மழைக்காலத்தில் நாளிதழில் செய்தி வருகிறது. இருக்கன்குடியில் ஊற்றுக்கு எத்தனை முழம் தோண்ட வேண்டியிருக்கிறது என்பதற்குப் பதிவேடு இல்லை. ஆடி வெள்ளிக்கு வண்டி கட்டி வந்து, அங்கே மணல் பறித்துப் பழகிய குடும்பங்களுக்கு மட்டும் அது கைக்கணக்காகத் தெரியும்.