ஜி6பிடி நொதிக் குறைபாடும் செலினியமும்: ஒரு வரலாறு

ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் நொதி. இதற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால், இதன் பரம்பரைக் குறைபாடு ஆண் குழந்தைகளிடமே மிகுதியாக வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் மலேரியா மருந்தான பிரைமாகுயின் சோதிக்கப்பட்டபோது, சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் சிதைந்தன. இந்நொதிக் குறைவே காரணம் என்று பால் கார்சன் குழுவினர் 1956இல் அறிவித்தனர். இந்தியப் பழங்குடியினரிடையே பரவலாக உள்ள ஒரு வகைக்கு 1995இல் 'ஜி6பிடி ஒரிசா' எனப் பெயரிடப்பட்டது.

சிவப்பணுவில் சேரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அகற்றும் குளூட்டாதயோன் பெராக்சிடேசை 1957இல் கார்டன் மில்ஸ் கண்டறிந்தார். அதில் செலினியம் என்னும் நுண்தாது இருப்பது 1973இல் தெரியவந்தது. ஆனால் அந்நொதி இயங்கக் குளூட்டாதயோன் தேவை. செலவான குளூட்டாதயோனைப் புதுப்பிக்க ஜி6பிடி வழியே கிடைக்கும் ஆற்றல் தேவை. ஆகவே செலினியம் எவ்வளவு கொடுத்தாலும் பிறவிக் குறை நீங்காது. சத்து மாத்திரை இதற்கு மருந்தன்று. தூண்டும் பொருள்களை விலக்குவதே காப்பு.

பிரைமாகுயின் கொடுக்குமுன் ஜி6பிடி பரிசோதனை வேண்டும். குழந்தையின் துணிகளுக்கிடையே நாப்தலீன் கலந்த பாச்சை உருண்டை வைக்கலாகாது. திடீர் வெளிறல், மஞ்சள் காமாலை, கட்டங்காப்பி நிறச் சிறுநீர் தோன்றினால், கீழாநெல்லி கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.