அகாம்பே

அகாம்பே என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய தாவரப் பேரினம் ஆகும். இதில் பத்துக்கும் குறைவான இனங்களே உள்ளன. வெப்பமண்டல ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, தென்சீனா ஆகிய இடங்களில் இவை மரங்களின் மேல் தொற்றி வளர்கின்றன. மரத்திலிருந்து உணவை உறிஞ்சாததால் இவற்றைப் புல்லுருவி எனக் கருதுவது தவறு. தடித்த வேர்களைப் போர்த்தியுள்ள வெலாமன் திசு மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்கிறது.

இப்பேரினத்தை 1853 இல் ஜான் லின்ட்லி நிறுவினார். 'வளையாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பூக்கள் தடித்தவை, எளிதில் ஒடிபவை.

இனங்கள்

தமிழகத்தின் வறண்ட காடுகளில் காணப்படுவது அகாம்பே பிரிமோர்சா. 1795 இல் வில்லியம் ராக்ஸ்பர்க் இதனை வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்தார். பிரிமோர்சா என்றால் 'கடித்துத் துண்டிக்கப்பட்டது'. இலை நுனியைப் பார்த்தால் காரணம் விளங்கும். மஞ்சள் நிறப் பூக்களில் செம்பழுப்புப் பட்டைகளும், வெண்ணிற உதட்டிதழில் ஊதாப் புள்ளிகளும் உண்டு. பூக்காத காலத்தில் இதனை வாண்டா டெசெல்லேட்டாவிலிருந்து பிரித்தறிவது கடினம். வாண்டாவின் பூக்கள் இதைவிடப் பெரியவை. ஆப்பிரிக்காவில் அகாம்பே பாக்கிகுளோசா வளர்கிறது.

அகாம்பே ரிஜிடாவின் மகரந்தச் சேர்க்கை வியப்புக்குரியது. இது பூச்சிகளுக்குத் தேன் தருவதில்லை. தென்சீனத்தில் நடந்து 2012 இல் வெளியான ஆய்வின்படி, மழைத்துளி மகரந்தப்பையின் மூடியைத் தட்டிவிடுகிறது. மேலெழும் மகரந்தத் திரள், பட்டை போன்ற காம்பினால் பின்னிழுக்கப்பட்டு அதே பூவின் சூல்முடிக் குழியில் விழுகிறது. பெரும்பாலான பூக்களுக்கு மழை கேடு; இதற்கோ அதுவே துணை. பிற இனங்களுக்கும் இது பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

வாழிடமும் பாதுகாப்பும்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சார்ந்த மேலகிரி மலைக்காடுகள் பிரிமோர்சா வளரும் வறண்ட இலையுதிர் காட்டு வகையைச் சேர்ந்தவை. அருகிலுள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டைகளால் விரிவடைந்த நகரம். சாலைக்காகவும் மனைக்காகவும் முதிர்ந்த மரம் வெட்டப்படும்போது அதன்மேல் வாழும் ஆர்க்கிட்டும் அழிகிறது. மாற்றாக நடும் கன்று உடனடி ஈடாகாது. தூசி போன்ற ஆர்க்கிட் விதைகளில் சேமிப்புணவு இல்லை. தகுந்த பூஞ்சையின் உதவியின்றி இயற்கையில் அவை வளர இயலாது.

மருந்துச் சரக்காகவும் இது சேகரிக்கப்படுகிறது. ஆயுர்வேத 'ராஸ்னா' எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. தென்னாட்டில் அரத்தை வகைகளும், வங்காளத்தில் வாண்டாவும் அகாம்பேயும் அப்பெயரில் விற்கப்படுவதுண்டு.

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் 2014 இலும், காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் 2022 இலும் அறிவிக்கப்பட்டன. சரணாலய எல்லைக்கு வெளியே தோப்புகளிலும் சாலையோரங்களிலும் நிற்கும் பழைய மரங்களுக்கு இப்பாதுகாப்பு கிடையாது.