மணி அடிச்சா ஓடி வந்த பிள்ளைகள்: முத்துக்குளித்துறையில் ஒரு மாத வகுப்பு

அமெரிக்காவுல ஈரானியக் குடும்பத்துப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக 2006-ல் ஒரு கோடை முகாம் தொடங்கினாங்க. பேரு கேம்ப் ஆயந்தே. பாரசீகத்துல 'ஆயந்தே' என்றால் எதிர்காலம். அங்கே வழிநடத்துறவங்க தாத்தா பாட்டிகள் இல்லை, அதே மாதிரி வீடுகள்ல வளர்ந்த காலேஜ் மாணவர்கள். நேதா மக்பூலே என்ற சமூகவியலாளர் 2017-ல் வெளியிட்ட புத்தகத்துல இதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கு. அதைப் படிக்கும்போது என் மண்டையில ஓடினது நம்ம தூத்துக்குடிக் கரைதான்.

பிள்ளைகளைக் கூட்டி, ஒரு பண்பாட்டைச் சொல்லிக்கொடுத்து, அவங்களையே ஊருக்கு ஆசிரியர் ஆக்குறது. இது இங்கே 1540-களிலேயே நடந்திருக்கு. ஆனா திசை நேர் எதிர்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடுறேன். முத்துக்குளிப்பு யார் கையில இருக்கணும்னு பரவர்களுக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் பெரிய மோதல். பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. 1535-லிருந்து 1537-க்குள்ள ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. அதுக்கப்புறம் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து கேட்டப்போ, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவங்களுக்கு வேறெதுவும் தெரியலை.

சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. கூட வந்தது கோவாவுல படிச்சிட்டுத் திரும்பிய உள்ளூர் இளைஞர்கள். ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களை உட்காரவெச்சு ஜெபங்களைத் தமிழாக்கி, அதை அப்படியே மனப்பாடம் செய்தார். பிறகு கையில மணியை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா அடிச்சுக்கிட்டுப் போனார். நாளுக்கு ரெண்டு வேளை வகுப்பு, ஒரு மாதம். மாத முடிவுல பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: அப்பா அம்மாவுக்கு, வீட்டுல இருக்கிறவங்களுக்கு, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடு. தன்னைச் சாப்பிடவோ தூங்கவோ விடாம பிள்ளைகள் மொய்க்கிறாங்கன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார். நோயாளி வீட்டுக்குக் கூப்பிட்டா, எல்லா இடத்துக்கும் ஒரே ஆள் ஓட முடியாதே, பையன்களை அனுப்பி ஜெபம் சொல்ல வெச்சார். ஒரு சர்வர் தாங்காத லோடை நூறு சின்ன மெஷினுக்குப் பிரிச்சுவிடுற மாதிரி. (மன்னிக்கணும், தொழில் புத்தி.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மொழிபெயர்ப்புல இருந்த பிழை. விசுவாசப் பிரமாணத்துல 'நம்புகிறேன்' வரவேண்டிய இடத்துல 'வேணும்'னு போட்டிருந்தாங்க. கரை முழுக்கப் பிள்ளைகள் "கடவுள் எனக்கு வேணும்" என்ற அர்த்தத்துல கோரஸ் பாடிக்கிட்டு இருந்திருக்காங்க! 1544-ல் சவேரியாருக்கு இது தெரியவந்து, கூட வேலை செய்த மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை எடுத்துட்டு 'விசுவாச'ச் சொல்லைப் போடச் சொன்னார். மனப்பாடம் ஆகி ஊர் ஊரா பரவின ஒரு வார்த்தையைத் திருத்துறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அவர் அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பொறுப்பாளரை நியமிப்பார். அவரைக் 'கணக்கப்பிள்ளை'ன்னு அழைச்சாங்க, பிற்காலத்து உபதேசியார் மாதிரி. சம்பளம் வந்த வழிதான் சுவாரசியம். பரவர்களிடமிருந்து வருஷத்துக்கு 4,000 பணம், போர்ச்சுகல் ராணி கத்தரீனாவுடைய பாதணிச் செலவுக்குன்னு ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத்தான் சவேரியார் கேட்டு வாங்கிக் கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். முத்துக் குளிச்சவன் காசு லிஸ்பனுக்குச் செருப்பாகப் போகாம ஊருக்கே திரும்பினதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்போ கஷ்டமான பகுதி. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதின கடிதத்துல சவேரியார் பெருமையா ஒன்று சொல்றார். யாராவது வீட்டுல ரகசியமா விக்கிரகம் வெச்சு வணங்கினா, பிள்ளைகளே வந்து அவர்கிட்ட சொல்லிடுவாங்களாம். சொந்த அப்பா அம்மாவாக இருந்தாலும். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போவார், அவங்க அதை உடைச்சு, துப்பி, மிதிப்பாங்க. ஆயந்தே முகாம்ல பிள்ளைகள் தேடினது பெற்றோர் விட்டுவந்த ஒன்றை. இங்கே பத்து வயசுப் பையன் கையில அதிகாரத்தைக் கொடுத்து, அவன் வீட்டுக்கு எதிராவே நிறுத்தினாங்க. இதையும் தலைமைப் பயிற்சின்னுதான் சொல்லணும், ஆனா என்னால கைதட்ட முடியலை. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல யார் யாருக்குச் சோறு போட்டாங்க? நான் படிச்ச கடிதங்கள் எல்லாமே பாதிரியார் பக்கத்துக் கதைதான்.

அதுக்காகப் பரவர்கள் முழுசா மாறிப்போனாங்கன்னும் சொல்ல முடியாது. பெர்னாண்டோ, ரொட்ரிகோன்னு பேர் வந்தது. சாதித் தலைவர் பதவி மட்டும் பல நூற்றாண்டு அப்படியே தொடர்ந்தது.

சவேரியாருக்குப் பின்னால புன்னைக்காயலில் வேலை செய்த அண்டிரிக் அடிகளார் மனப்பாடத்தை நம்பாம தமிழை முறையா படிச்சார். 1578-ல் கொல்லத்துல அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாச்சு, 16 பக்கம், இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம். அடுத்த வருஷம் கொச்சியில 'கிரீசித்தியானி வணக்கம்', முழுக்கக் கேள்வி பதில் வடிவம். அதுல கேள்வி கேட்கிறது ஆசிரியர். பதில் சொல்றது மாணவன்.