கதிரவன் எழாத பொழுது: நார்வேயின் வடகோடியில் ஈழத்தமிழர் குடும்ப வாழ்வு

முன்னுரை

ஈழத்தமிழர் புலம்பெயர்வு வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலண்டன், பாரிஸ், டொரண்டோ, ஓஸ்லோ ஆகிய நகரங்களில் தோன்றிய அமைப்புகளும் இதழ்களும் கோயில்களும் ஆய்வாளர் கவனத்தைப் பெற்ற அளவுக்குச் சிற்றூர்களில் வாழ்ந்த குடும்பங்கள் பெறவில்லை. நார்வேக்குச் சென்ற தமிழருள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினர் 1980களிலும் 1990களிலும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயுள்ள மீனவ ஊர்களில் வாழ்ந்தனர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் எழாத நிலம் அது. அந்நிலத்தில் தமிழ்க் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது, ஏன் அதைவிட்டு நீங்கியது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

புலம்பெயர் இலக்கிய ஆய்வில் பனியும் பனி சார்ந்த இடமும் 'ஆறாம் திணை' எனச் சுட்டப்படுவதுண்டு. இவ்வழக்கு நிலத்தை முதன்மைப்படுத்துகிறது. தொல்காப்பியமோ நிலம், பொழுது ஆகிய இரண்டையும் முதற்பொருள் என்கிறது. வடநார்வே வாழ்வை விளங்கிக்கொள்ள நிலத்தினும் பொழுதே சிறந்த திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. வந்த வழி

நார்வேயில் குடியேறிய முதல் தமிழராகக் கருதப்படுபவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம். 1956இல் அங்குச் சென்ற அவர், மீன்பிடித் தொழில்நுட்பத்தைத் தம் மண்ணுக்குக் கொண்டுவர விரும்பினார். அம்முயற்சியின் பயனாக 1967இல் 'சீ-நோர்' நிறுவனம் யாழ்ப்பாணப் பகுதியில் உருப்பெற்றது. எனவே நார்வேக்கும் ஈழத்தமிழர்க்கும் ஏற்பட்ட தொடர்பு தொடக்கத்திலேயே கடலையும் மீனையும் சார்ந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1975இல் நார்வே அரசு வேலைக்கான குடியேற்றத்தை நிறுத்தியது. அதன் பின்னர் 'மக்கள் உயர்பள்ளிகள்' எனப்படும் விடுதிப் பள்ளிகளில் மாணவராகச் சேர்வது தமிழ் இளைஞர்க்கு ஒரு வழியாயிற்று. 1983 சூலை வன்முறைக்குப் பின் புகலிடம் கோரி வந்தோர் தொகை பெருகியது. மொழி அறியாத புதியவர்க்கு உடனே வேலை தரக்கூடியவையாக வடகடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகள் இருந்தன. 48,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் ஏறத்தாழ 75,000 மக்களே வாழும் ஃபின்மார்க் மாவட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்றும் இருந்தது. முதலில் ஆண்கள் தனியராக வந்தனர். பின்னர்க் குடும்ப இணைவு விதிகளின்படி மனைவியர் வந்தனர், குழந்தைகள் பிறந்தனர். தனியாள் தங்குமிடம் இல்லமாக மாறியது.

2. கதிரவன் எழாத பொழுது

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9 பாகை 40 கலை வட அகலாங்கில் உள்ளது. ஹாமர்ஃபெஸ்ட் நகரம் 70 பாகை 40 கலையில் உள்ளது. அங்கு நவம்பர் மூன்றாம் வாரம் மறையும் கதிரவன் சனவரி மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் தோன்றுகிறான். நார்வேஜியர் இதனை 'மோர்க்கெதித்' என்பர். இருட்காலம் என்பது அதன் பொருள். 1891இலேயே மின் தெருவிளக்குகளை அமைத்துக்கொண்ட நகரம் ஹாமர்ஃபெஸ்ட் என்பதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

இருட்காலம் முழு இருள் அன்று. நண்பகலை ஒட்டிச் சில மணிநேரம் நீலம் தோய்ந்த மங்கலொளி பரவும். முழுநிலா அடிவானத்தில் மறையாமலே நாள் முழுதும் வானில் சுற்றிவரும். ஆயினும் மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனக் கதிரவன் நிலையைக் கொண்டு பகுத்தறியப்பட்ட சிறுபொழுதுகள் அங்குப் பொருளிழக்கின்றன. வைகறை நண்பகலை எட்டாமலே மாலையாகிவிடுகிறது. விழிப்பதும் உண்பதும் உறங்குவதும் கடிகாரத்தின் ஆணைக்கு உட்படுகின்றன.

இம்முரண் கூர்மையாக வெளிப்படும் நாள் தைப்பொங்கல். சனவரி 14 அல்லது 15இல் வரும் அந்நாளில் ஹாமர்ஃபெஸ்டிலோ வர்தோவிலோ கதிரவன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. முற்றத்தில் கோலமிட்டு, கிழக்கு நோக்கிப் பானை வைத்து, எழுங்கதிருக்குப் படைக்கும் விழா, வணங்குதற்குரிய கதிரே இல்லாத நிலத்தில் வீட்டுக்குள், மின்னடுப்பில், நாட்காட்டியை நம்பி நிகழ வேண்டியதாயிற்று. சில நாள்கள் கழித்துக் கதிரவன் மீளும்போது உள்ளூர் மக்கள் தம் வழியில் அதனைக் கொண்டாடுகின்றனர். வர்தோக் கோட்டையில் பீரங்கி முழங்குகிறது; பிற ஊர்களில் கதிரவன் திரும்பியதைச் சிறப்பிக்கும் இனிப்பு அப்பங்கள் உண்ணப்படுகின்றன. கதிரவனுக்கு நன்றி கூறும் இரு மரபுகள் ஒரே ஊரில், ஒரே வார இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமலே அமைந்திருந்தன எனலாம்.

3. ஆலையும் அடுக்களையும்

ஆலையில் காட் மீனைத் தோலுரித்து, முள் நீக்கி, துண்டமாக்கும் வேலையை ஆண்களும் பெண்களும் செய்தனர். ஈரமும் குளிரும் மிக்க கூடங்களில், ஓடும் பட்டையின் முன் நின்றவாறே செய்யும் வேலை அது. யாழ்ப்பாணச் சமூகத்தில் மீன்தொழில் குறிப்பிட்ட சாதியினரோடு பிணைக்கப்பட்டிருந்தது. வடநார்வேயின் ஆலை மேசையோ அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. தொழிலால் சாதியை அறியும் வழக்கம் அங்குப் பயனற்றுப்போயிற்று. சாதியுணர்வே மறைந்தது என இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. அது தொழிலை விட்டுத் திருமணம் முதலியவற்றில் தங்கிற்று என்பதே பொருந்தும்.

மீன் இருவர்க்கும் பொதுவான பொருள். அதனைக் காக்கும் முறை வேறு. யாழ்ப்பாணத்தில் கருவாடு உப்பாலும் வெயிலாலும் ஆவது. வடநார்வேயின் உலர்மீன் உப்பின்றி, மரச்சட்டங்களில் தொங்கி, குளிர்காற்றால் மட்டுமே உலர்வது. வெயில் செய்யும் வேலையைக் குளிர் செய்யும் நிலத்தில் மீனறிவும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

கணவனும் மனைவியும் ஆலைக்குச் செல்லும் இல்லத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ பெரியம்மாவோ இல்லை. குழந்தை இருளில் பள்ளிக்குப் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்பியது. அண்டைவீட்டார் மாலையில் கதவடைத்துக்கொள்ளும் குளிர்காலத்தில், தமிழ்ப்பேச்சு அந்த இல்லத்தின் சுவர்களுக்குள்ளும், அதே ஊரின் மற்ற சில தமிழ் இல்லங்களிலும் மட்டுமே ஒலித்தது.

4. உடல்நோவும் உற்றாரின்மையும்

இவ்வாழ்வின் சுமையை உடல் தாங்கியது. 2008இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று ஓஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்டு, முன்னவர் குருதியில் வைட்டமின் டி அளவு மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. நார்வேஜியர் குளிர்காலத்தில் மீனெண்ணெய் அருந்தும் பழக்கத்தால் இக்குறையை ஓரளவு ஈடுசெய்வர். அப்பழக்கம் இல்லாத குடியேறியவர்க்கு அவ்வழி எளிதில் அமையவில்லை.

எனினும் நோவுக்கு இருள் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. ஃபின்மார்க்கின் மீனவ ஊர் ஒன்றில் தமிழரிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன் சிக்ஃப்ரித் கிரோன்செத் 2010இல் தம் நூலை வெளியிட்டார். தெளிவான மருத்துவக் காரணம் புலப்படாத உடல்வலியோடும் களைப்போடும் தமிழர் மருத்துவமனையை நாடியதை அவர் ஆராய்ந்தார். உறவும் சடங்கும் சமூக மதிப்பும் இழந்த நிலையோடு அந்நோவுகளை அவர் தொடர்புபடுத்துகிறார். மருத்துவர் உடலில் தேடிய காரணம் உற்றார் இல்லாமையிலும் இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

5. தெற்கு நோக்கி

1990களில் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கைவிட்டு ஓஸ்லோவை நோக்கிப் பெயர்ந்தன. இதற்கு இருளே காரணம் என எளிதில் கூறிவிடலாம். ஆனால் நடுக்குளிர்காலத்தில் ஓஸ்லோவின் பகலும் ஏறத்தாழ ஆறு மணிநேரமே. வடக்கில் கோடைதோறும் மே நடுப்பகுதி முதல் சூலை இறுதிவரை கதிரவன் மறைவதுமில்லை. எனவே ஒளியைத் தேடியே சென்றனர் என்பது முழு விடையாகாது.

வேறு காரணங்களும் இருந்தன. காட் மீன் வளம் குன்றியதால் 1990இல் பிடிப்பு அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டு ஆலைகள் தளர்ந்தன. உள்ளூர் மக்களும் வெளியேறினர். அதனைத் தடுக்க அரசு அதே ஆண்டில் ஃபின்மார்க்கிலும் வடதுரோம்ஸ் பகுதியிலும் வரிக்குறைப்பு முதலிய சலுகைகளை அளித்தது. ஓஸ்லோவிலோ உறவினர், கோயில், வாரஇறுதித் தமிழ்ப்பள்ளி, உயர்கல்வி, பலவகை வேலைகள் ஆகியன இருந்தன. சிறுபொழுதை வானம் தராதபோது அதனைச் சமூகமே அமைத்துத் தர வேண்டும். விழா நாள், வகுப்பு நாள், விருந்து நாள் என ஆண்டைப் பகுக்கும் ஆற்றல் சில குடும்பங்களே வாழும் ஊருக்கு இல்லை, பெருந்திரளுக்கே உண்டு.

இப்பெயர்ச்சியின் தடம் அடுத்த தலைமுறையிலும் உள்ளது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே சென்ற கம்சாயினி குணரத்தினம், ஹாமர்ஃபெஸ்டில் வாழ்ந்து பின்னர் ஓஸ்லோவுக்குப் பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 2015இல் ஓஸ்லோவின் துணை மேயராகவும் 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அவர் தேர்வு பெற்றதை அறிவோர் பலர். அவ்வழி வடகோடி ஊர் ஒன்றைக் கடந்து வந்தது என்பதைக் கருதுவோர் சிலரே.

முடிவுரை

வடநார்வேயில் தமிழ்க் குடும்பம் எதிர்கொண்ட முதன்மையான இழப்பு வெப்பமன்று, பொழுது. பொழுதை மீட்டுத் தருவது உறவும் விழாவும் மொழியும் கூடிய சமூகமே என்பதை அக்குடும்பங்களின் தெற்குப் பெயர்ச்சி உணர்த்துகிறது. 'ஆறாம் திணை' என்னும் கருத்தாக்கம் பனி என்னும் நிலத்தோடு நில்லாது, சிறுபொழுது அழிந்த காலத்தையும் உள்ளடக்கினால்தான் முழுமை பெறும்.

1980களில் இளைஞராக அங்குச் சென்றோர் இன்று முதுமையை எட்டிவருகின்றனர். அவர்தம் வாய்மொழிகளும் கடிதங்களும் ஆலைப் பதிவுகளும் உரிய காலத்தில் திரட்டப்படாவிடின், தமிழர் கதிரவன் இன்றிப் பொங்கலிட்ட ஊர்கள் தமிழர் வரலாற்றில் இடம்பெறாமலே போகும். இலக்கியத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்து செய்ய வேண்டிய பணி இது.