லினக்ஸ் மின்ட்

லினக்ஸ் மின்ட், வீட்டுக் கணினியை மனத்தில் வைத்து உருவாக்கப்படும் கட்டற்ற இயங்குதளம். கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கினார். முதன்மைப் பதிப்பு உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளைச் சார்ந்தது. டெபியனை நேரடியாகச் சார்ந்த பதிப்பும் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பெண்பெயர் சூட்டுவது வழக்கம்: முதலாவது அடா, 2024இல் வந்த 22ஆம் பதிப்பு வில்மா.

மற்றவர்கள் மாற்றியதை மாற்ற மறுத்ததே மின்ட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2011இல் வெளிவந்த க்னோம் 3 என்ற திரைமுகப்பு, பயனர்களுக்குப் பழகிய பட்டியையும் சாளர வரிசையையும் கைவிட்டது. உபுண்டுவும் யூனிட்டி என்ற புது முகப்புக்குத் தாவியது. மின்ட் குழுவோ க்னோம் 3இன் நிரலிலிருந்தே கிளைபிரித்து, பழைய நடையில் இயங்கும் சின்னமனை உருவாக்கியது. க்னோம் 2இன் வாரிசான மாத்தே, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ ஆகிய முகப்புகளுடனும் மின்ட் கிடைக்கிறது. விண்டோஸ் 7இல் பழகியவர் சின்னமனில் யாரிடமும் வழி கேட்க வேண்டியிராது. உபுண்டு முன்னிறுத்திய ஸ்னாப் பொதிமுறையையும் மின்ட் 2020இல் முடக்கிவைத்தது. புதுமை விரும்பிகளுக்கு இந்தப் பிடிவாதம் சலிப்பூட்டலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் புதிய செயலியையும் கேட்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகளுக்கு அதில் இடமில்லை. அவற்றில் மின்ட்டை நிறுவலாம்: அதன் குறைந்தபட்சத் தேவை 2 ஜி.பி. ரேம், 20 ஜி.பி. வட்டு இடம். ஆனால் 4 ஜி.பி.க்குக் குறைந்த ரேமில் பிரௌசரைத் திறந்தால் பொறுமை வேண்டும்.

நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எழுதி, வட்டைத் தொடாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுவது நல்லது. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட வேண்டும்: 2016 பிப்ரவரியில் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டனர்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வோர் முதலில் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதிவைத்து, சொந்தக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். மின்ட்டுடன் வரும் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் பழைய நிலைக்கு மீட்கும். கல்யாணப் படங்களை அது இயல்பாகக் காப்பதில்லை. விண்டோஸையும் மின்ட்டையும் மாறிமாறி இயக்கினால் விண்டோஸ் கடிகாரம் இந்தியாவில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே காரணம். மின்ட்டில் ஒரு கட்டளை இட்டால் இது சரியாகிவிடும்.

மின்ட்டுக்கு மாறியவர்கள் விண்டோஸுக்குத் திரும்பிப் போவது பெரும்பாலும் மென்பொருளுக்காகத்தான். லிப்ரெஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வருகின்றன. டேலி, ஃபோட்டோஷாப் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் ஒயின் வழியாக அவற்றை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கு வழக்கை அதை நம்பி ஒப்படைப்பது சரியல்ல.

மின்ட்டில் தமிழில் எழுதவும் வழி உண்டு. ஐபஸ் உள்ளீட்டு முறையில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என விசைப்பலகைகள் பல உண்டு. ஒருங்குறி எழுத்துகள் அப்படியே தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளுக்கு அந்த எழுத்துருவையும் நகலெடுத்துச் சேர்க்க வேண்டும், அல்லது அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.