சம்பளமும் சங்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் ஊர்களுள் உரும்பிராயும் ஒன்று. இத்தகைய ஊர்களில் தோட்டஞ் செய்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலம் படிப்பித்துக் கொழும்பில் அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பினர். மாதந்தோறும் வரும் மணியோடரையே பல குடும்பங்கள் நம்பியிருந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசியும் துணியும் விலையேறின. இலிகிதரின் சம்பளமோ அதற்கேற்ப உயரவில்லை. 1947ஆம் ஆண்டில் அரசாங்க இலிகிதர் சங்கத்தார் சம்பள உயர்வும் தொழிற்சங்க உரிமையும் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். யூன் 5ஆம் நாள் கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். கந்தசாமி என்னும் இலிகிதர் உயிர் துறந்தார். வேலைநிறுத்தம் முறிந்தது. சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்ன உத்தியோகம் இழந்தார்.

சங்கத்திற் சேர்ந்ததனாற் கண்ட பயன் யாது? அன்று இழப்பே மிஞ்சியது. ஆயினும் சங்கம் வளர்த்த அத்தலைவரே 1956இல் தொழில் அமைச்சரானார். அவர் காலத்திலே, 1958இல், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. இன்று அந்நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு செலுத்த, தொழில் கொள்வோர் 12 பங்கு செலுத்துகின்றனர். சங்கத்தின் பயன் மறுமாதச் சம்பளத்தில் மட்டும் காணப்படுவதன்று. பிந்திய தலைமுறையின் முதுமைக்கும் அது துணையாகின்றது.