சேப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை

1931-ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கி, அதன் தண்டவாளத்தை ஒட்டியே பல்லாவரமும் குரோம்பேட்டையும் உத்தியோகஸ்தர்களின் வாசஸ்தலங்களாக விருத்தியடைந்த பிறகு, பொங்கலை ஒட்டிய டெஸ்ட் கிரிக்கெட் பந்தய நாட்களில் சேப்பாக்கம் மைதானத்தைக் காணக் கொடுத்துவைக்காத அந்த ஜனங்களுக்குக் கண்ணாக விளங்கியது, 1938-இல் உதயமான சென்னை வானொலி நிலையமே.

முதலில் அந்த வர்ணனைக் குரல் ஆங்கிலத்தில்தான் ஒலித்தது. 1954-55-இல் சென்னை அணிக்குத் தலைமை தாங்கி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றளித்த பாலு அழகனன், பின்னர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து ரசிகர்களுக்குப் பரிச்சயமானார். தமிழ் வர்ணனை பிறந்தபோதோ, சிறுவர் நிகழ்ச்சியால் 'வானொலி அண்ணா'வான கூத்தபிரானும், இலங்கை வானொலியோடு தொடர்புடைய சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும், இராமமூர்த்தியும் அதற்கு வாய்த்தார்கள். முதலிருவரும் நாடகக் கலையில் தேர்ச்சியுற்றவர்கள் என்பது தற்செயலன்று என்பேன்; பந்து வீச்சாளர் திரும்பி நடக்கும் அந்த இருபது முப்பது விநாடி சூனியத்தை நிரப்பி, அவர் ஓடிவருகையில் குரலை உயர்த்தி, பந்து எல்லைக் கோட்டைத் தொடுமுன் வாக்கியத்தை முடித்து, இடையில் செவிசாய்த்தவனுக்காக ஓட்ட எண்ணிக்கையை அலுக்காமல் மீண்டும் சொல்வது, நடிகனின் சுவாசக் கட்டுப்பாடின்றிச் சாத்தியமா?

ரயில் பெட்டியில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர் அன்று ஒரு சிற்றரசர். மின்கம்பியின் இரைச்சலில் மத்திய அலை கரகரக்கும்போது, அவர் அதை ஜன்னல் கம்பியருகே சாய்த்துப் பிடிப்பார், "ஸ்கோர் என்ன சார்?" என்று முன்பின் அறியாதவர்கள் உரிமையோடு கேட்பார்கள். அப்துல் ஜப்பார் 2020-இல் காலமானார். அதற்கு வெகுகாலம் முன்னரே தொலைக்காட்சி அந்தச் சிற்றரசர்களின் ராஜ்யத்தைக் கைப்பற்றிவிட்டது.